பனையடியில் நிறுத்திய பிள்ளை: வன்னியில் நிகழும் ஓர் உளவியல் மர்ம நாவலுக்குக் கருத்துத் தேவை

கனகராயன் (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக எழுதியும் கிழித்தும் வருகின்ற ஒரு நாவலின் கதைச் சுருக்கத்தை இங்கே வைக்கிறேன். முகம் பார்க்காமல் கருத்துச் சொல்லுங்கள்.

இறுதிப் போரின்போது முல்லைத்தீவுக் கரையோரம் புதுமாத்தளனில் ஒதுங்கியிருந்த ஒரு குடும்பம்: தகப்பன், தாய், அம்மம்மா, பதினாறு வயது மகள், எட்டு வயது மகன். போருக்கு வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் கேட்ட காலம் போய், யார் அகப்பட்டாலும் கொண்டுபோவார்கள் என்ற நிலை வந்தபின், தகப்பன் மகளைத் தறப்பாள் கொட்டிலுக்குப் பின்னால், பங்கருக்குள் வெட்டிய இன்னொரு குழியில் ஒளித்து வைத்திருந்தார். 2009 ஏப்ரல் 20 அதிகாலையில் புலிகளின் மண் அணை இராணுவத்தால் உடைக்கப்பட்டு, சனம் நீரேரிப் பக்கமாகத் திரண்டபோது, தாய் அம்மம்மாவைத் தாங்கிக்கொண்டு முன்னே போய்விட்டார். தகப்பன் கரையோரம் ஒரு பனையடியில் மகனை நிறுத்தி, "இதில நில், அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். மகளோடு வந்தபோது பனை நின்றது, பிள்ளையைக் காணவில்லை.

செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் முட்கம்பிக்குள் மனைவியைக் கண்டபோது, "தண்ணிக்குள்ள கை நழுவிப் போட்டுது" என்றார். பனையைப் பற்றி அவரும் மகளும் அதன்பின் எவரிடமும் பேசவில்லை.

நாவல் 2018இல் தொடங்குகிறது. தாய் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடிக் கொட்டகையில், 2017 பெப்ரவரி 20 முதல், காணாமற்போன பிள்ளைகளுக்காகப் போராடும் மற்றத் தாய்மாருடன் அழுதும் விழுந்தும் சுலோக அட்டை பிடித்தும் இருக்கிறார். மகள் ஆசிரியை. ஒரு நாள் காணி அனுமதிப்பத்திரம் தேடித் தகரப் பெட்டியைக் கிளறும்போது, தம்பியின் மரணச் சான்றிதழ் அவளுடைய கையில் அகப்படுகிறது. விண்ணப்பித்தவர் தகப்பன், ஆண்டு 2012. அவர் மகனைக் கொன்றிருக்கலாமோ என்றுகூட வாசகர் சந்தேகப்பட வேண்டும் என்பதும், பனையடி கடைசி அத்தியாயத்தில்தான் வெளிவர வேண்டும் என்பதும் என் திட்டம். இது சரிவருமா?

பழைய எழுதுவினைஞர் (வவுனியா) எழுதியது:

தம்பி, கதையை மற்றவர்கள் பார்ப்பார்கள். நான் கடதாசியைப் பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் சான்றிதழ் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, இறப்புகளைப் பதிவு செய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் வருவது. பயங்கரவாதச் செயல் அல்லது குழப்பம் காரணமாகக் காணாமற்போன ஒருவரைப் பற்றி ஓராண்டுக்கு மேலாக எந்தத் தகவலும் இல்லையென்றால், நெருங்கிய உறவினர் விண்ணப்பித்து இறப்பைப் பதியலாம். 2016இல் வந்த 16ஆம் இலக்கத் திருத்தத்தின் பின்புதான் காணப்படாமைச் சான்றிதழ் என்ற நடுவழி ஒன்று கிடைத்தது. ஆகவே 2012இல் கையொப்பமிட்ட உங்கள் தகப்பனுக்கு நடுவழி கிடையாது. இறந்துவிட்டான் என்று எழுத வேண்டும், அல்லது பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டும். ஆண்டை மாற்றிவிடாதீர்கள். 2017 என்று வைத்தால் அவர் ஏன் மற்றச் சான்றிதழை எடுக்கவில்லை என்று எவராவது கேட்பார்.

ஆனால் இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கணவனைத் தொலைத்தவர் இந்தச் சான்றிதழை எடுத்தால் காரணம் விளங்கும்: வங்கிக் கணக்கு, காணி, சேமலாப நிதி, மறுமணம். எட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் என்ன இருக்கிறது? இழப்பீடு என்று சிறு தொகையைச் சொல்லலாம். அதை நம்பிக் கதையை நிறுத்தினால் கதை சிறுத்துவிடும். கந்தோரில் இருந்த காலத்தில், பிள்ளைக்காக வந்த தகப்பன்மார் மிகச் சிலரைத்தான் கண்டிருக்கிறேன். அவர்கள் படிவத்தைத் தந்துவிட்டு, சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்கவே மாட்டார்கள். எதற்காக வந்தார் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாலைப்பழம் (மாங்குளம்) எழுதியது:

எழுதுவினைஞர் ஐயா ஓட்டை என்றதுதான் இந்த நாவலின் வாசல் என்று எனக்குப் படுகிறது.

கனகராயன், பனையடியைக் கடைசிக்கு ஒளித்துவைப்பது பெரிய நட்டம். பிள்ளை காணாமற்போகின்ற கதைகளில் பொலிஸ் வரும், அயலவர் சந்தேகிப்பர், பெற்றோரின் பொய் பக்கத்துக்குப் பக்கம் உரியும். அந்தக் கதை நடப்பது ஒரு பிள்ளை காணாமற்போனால் ஊரே நின்றுவிடும் இடத்தில். இங்கே ஆயிரக்கணக்கானோர் காணாமற்போயிருக்க, ஒரு தகப்பன் கொன்றிருப்பாரோ என்று வாசகரை ஐயுற வைப்பது வெறும் வித்தையாகிவிடும். வன்னி வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

நீங்கள் கவனிக்காமலே அதைவிடக் கொடிய ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். தகப்பன் சொன்ன பொய்யையும் மறைத்த உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் கை நழுவியதென்றால் பிள்ளை இறந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பனையடியில் நின்ற பிள்ளையோ யாருடைய கையைப் பிடித்துக்கொண்டும் நடந்திருக்கலாம். வேறொரு குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றப்பட்டிருக்கலாம். காயப்பட்ட ஒருவருக்குத் துணையாகக் கப்பலில்கூடப் போயிருக்கலாம். அந்த ஆண்டு பெப்ரவரி முதல் மே மாதத்தின் முதற் பகுதி வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் அந்தக் கரையிலிருந்து காயக்காரரையும் அவர்களுடன் கூடப்போனவர்களையும் ஏற்றிச் சென்றது; புல்மோட்டையில் இந்திய மருத்துவர்களின் வைத்தியசாலை இருந்தது. தன்னுடைய வெட்கத்தை மறைக்க அவர் சொன்ன ஒற்றை வசனம், தாயைப் பிழையான இடத்தில் தேடவிட்டது. முதல் மாதத்தில், முகாமின் வலயங்கள் ஒவ்வொன்றிலும் சனம் பிரிந்து கிடந்தபோது, "பனையடியில் நின்ற பிள்ளை, நீலக் காற்சட்டை" என்று அவர் கேட்டுத் திரிந்திருந்தால் யாராவது பதில் சொல்லியிருக்கவும் கூடும். இதை வாசகருக்கு முதல் இருபது பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள். அதன்பின் தாய் ஒவ்வொரு முறையும் "தண்ணிக்குள்ள" என்று சொல்லும்போது, தகப்பனைப் பார்ப்பதற்கே வாசகருக்குப் பயமாக இருக்கும்.

தாய்க்கு இதெல்லாம் முதலே தெரியும் என்ற முடிவை மட்டும் வைத்துவிடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் வைப்பார்கள்.

ஸ்காபரோவாசி எழுதியது:

நான் 1995 இடப்பெயர்வோடு வன்னிக்கு வந்து, பின்னர் கனடா வந்தவன். ஒரு யோசனை: பிள்ளை உயிரோடு வேறொரு பெயரில், வேறொரு மொழி பேசும் குடும்பத்தில் வளர்ந்து, இருபத்தைந்து வயதில் முறிகண்டியில் வந்து இறங்குவதாக முடித்தால் என்ன? திருப்பமும் கிடைக்கும், வாசகருக்கு ஆறுதலும் கிடைக்கும்.

வட்டுவாகல் (முல்லைத்தீவு) எழுதியது:

ஸ்காபரோ அண்ணா, கோபிக்க வேண்டாம். அந்த ஆறுதலை நீங்கள் கடையில் வாங்கலாம், கொட்டகைக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே இருப்பவர்கள் ஒவ்வொருவரும் அந்த முடிவை ஆயிரம் முறை எழுதிப் பார்த்தவர்கள். அதை நம்பி எந்தெந்த ஊர் நிலையத்திலெல்லாம் நின்றார்கள், யார் யாருக்குக் காசு கொடுத்து ஏமாந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருந்தவர்களில் பலர் இப்போது உயிரோடும் இல்லை.

நான் இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அக்காவின் மகன் 2009இல் காணாமற்போனவன். ஆகவே இது எனக்குக் கதையும்தான், கதையில்லாததும்தான். மர்ம நாவலாக எழுதுவதே பிழை என்று சொல்ல வந்தேன். பாலைப்பழம் எழுதியதை வாசித்தபின் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனால் சில விடயங்களைச் சொல்ல வேண்டும்.

உங்கள் கதையில் தாய் அழுகிறார், விழுகிறார், சுலோக அட்டை பிடிக்கிறார். கொட்டகையில் நாள் முழுவதும் எவரும் அழுவதில்லை. வெற்றிலை மடிப்பார்கள், யாருடைய மருமகளுக்குப் பிள்ளை கிடைத்தது என்று பேசுவார்கள், வெளிநாட்டு நிருபர் வந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தைக் கையில் எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வசனம் இருக்கும். நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும், 2014 சனவரியில் கிளிநொச்சியில் அமர்ந்த காணாமற்போனோர் ஆணைக்குழுவுக்கும், பிறகு காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் அதே வசனத்தைச் சொல்லிச் சொல்லி, ஒரு சொல்லும் மாறாத அளவுக்கு அது இறுகிப் போயிருக்கும். மாற்றினால் முன்னைய கோப்பைக் காட்டி, "அப்போது இப்படிச் சொன்னீர்களே" என்று கேட்பார்கள். உங்கள் தாய் கணவனின் பொய்யையே தன் வசனமாக்கி எல்லா இடமும் பதிந்திருப்பார். அவர் கண்டதில்லை, கேட்டதுதான். ஆனாலும் கண்டவர்போலச் சொல்வார். தகப்பன் உண்மையைச் சொல்லிவிட்டால் அவருடைய வாக்குமூலங்கள் எல்லாம் பொய்யாகிவிடும். இது உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

படம் பற்றியும் சொல்கிறேன். அக்காவிடம் மகனின் தனிப்படம் இல்லை. உரப்பைக்குள் சொப்பிங் பையில் சுற்றி, கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த பத்திரங்களுக்குள் மூன்றாம் வகுப்புக் குழுப்படம் ஒன்று மட்டும் தப்பியது. கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்து அவனுடைய முகத்தை மட்டும் பெருப்பித்தோம். பெருத்த படத்தில் அவனுடைய இடத் தோளின்மேல் பக்கத்துப் பிள்ளையின் கை கிடந்தது. நான்கு விரல்கள், நகத்தில் மருதோன்றி. அழித்துத் தரவா என்று ஸ்ரூடியோத் தம்பி கேட்டார். அழிக்கவில்லை. இன்றும் அந்தக் கையோடுதான் படம் கொட்டகையில் தொங்குகிறது.

மருதநிலம் (உளவளத்துணையாளர், வவுனியா) எழுதியது:

வட்டுவாகல் எழுதியதற்குப் பிறகு பாடநூல் பேசுவது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தகப்பனின் மனநிலையைப் பற்றிச் சில சொல்லலாம்.

உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்ற இந்த நிலையைப் போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தபோது அந்தக் கருத்து உருவானது. அவர் அதில் இரண்டு வகை காண்கிறார்: ஆள் இல்லை, ஆனால் மனத்தில் இருக்கிறார் என்பது ஒன்று, ஆள் கண்முன்னே இருக்கிறார், ஆனால் மனத்தால் இல்லை என்பது மற்றது. உங்கள் கதையின் தாய் முதலாவதை மகனிடத்திலும் இரண்டாவதைக் கணவனிடத்திலும் ஒரே வீட்டுக்குள் அனுபவிக்கிறார். கணவர் விடிய முதல் தோட்டத்துக்குப் போவார். கிணறு வெட்டக் கூப்பிட்டால் ஊரில் முதலாவதாக இறங்குவார். சாப்பாட்டை விறாந்தையில் வைத்துச் சாப்பிடுவார். வைத்தியரிடம் போனால் மேல் உளைவு, நெஞ்செரிவு என்பார். கேட்டால் "ஒண்டுமில்லை, யோசினை" என்பார். எங்கள் பகுதியில் அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுவார்கள். அழுகிற ஆணாக அவரைக் காட்டினால் எனக்கு நம்பிக்கை வராது.

எழுதுவினைஞர் ஐயாவின் கேள்விக்கு என் விடை: அவர் சான்றிதழ் எடுத்தது கிரியைக்காக. சட்டப்படி தேவையில்லை, எந்தக் குருக்களும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் மனத்துக்கு ஓர் உத்தரவு தேவைப்பட்டது. உடலில்லாத வீட்டில் எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, ஆட்டைத் திவசமும் இல்லை. செய்தால் பிள்ளையைத் தானே கொன்றதாகிவிடும் என்று தாய் விடமாட்டார். ஆகவே ஆடி அமாவாசைக்குத் தன் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்வதாகச் சொல்லி, அவர் ஆண்டுதோறும் கீரிமலைக்குப் போகிறார். ஒரு முறை மகளும் கூடப் போகிறாள். இலையில் பிண்டங்களை எண்ணுகிறாள். ஒன்று கூடுதலாக இருக்கிறது. "பேர், நட்சத்திரம்?" என்று குருக்கள் கேட்க, அவர் நட்சத்திரத்தை மட்டும் சொல்கிறார். வாசகருக்கு இதைவிடப் பெரிய துப்பு வேண்டாம் என்பது என் எண்ணம்.

பாலைப்பழம் (மாங்குளம்) எழுதியது:

நட்சத்திரம்! மருதநிலம், நன்றி. அப்படியென்றால் சாத்திரியாரைக் கொண்டுவர வேண்டும். இந்தத் தாய்மார் போகாத சாத்திரியார் இல்லை, கேளாத குறி இல்லை. மகனின் சாதகக் குறிப்பைத் தேடும்போது அது தகரப் பெட்டியில் இருக்காது. கீரிமலைக்குப் போனவரின் சட்டைப் பையில் இருக்கும்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். தாய் ஒரு சாத்திரியாரிடம் போவதற்கு முதல் நாள், தகப்பன் சைக்கிளில் தனியாக அதே வீட்டுக்குப் போய் இரண்டாயிரம் ரூபாயை வெற்றிலையில் வைக்கிறார். மறுநாள் சாத்திரியார், "பிள்ளைக்குத் தண்ணியில கண்டமில்லை அம்மா, தரையில நிண்டு பிரிஞ்ச பிள்ளை" என்கிறார். தாய் அதிர்ந்து போய் வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்கிறார். அவர் தலையைக் குனிந்தபடி, "சாத்திரியார் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்" என்கிறார். தன் வாயால் சொல்ல முடியாத உண்மையை அவர் கூலிக்கு ஆள்வைத்துச் சொல்விக்கிறார். மரணத்துக்குக் கையொப்பமிட்ட அதே கை, உயிரோடிருக்கக்கூடும் என்பதற்கும் காசு கொடுக்கிறது. இரண்டையும் அவர் நம்புகிறார்.

மற்றது, கதையை யார் சொல்வது? மகள்தான் சொல்ல வேண்டும். பங்கருக்குள் இருந்து தூக்கி எடுக்கப்பட்டவள் அவள். தம்பி நின்ற இடத்தின் விலையில் உயிரோடிருப்பவள். அவளுக்குத் தகப்பனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது, தாயோடு கொட்டகையில் தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கவும் முடியாது. அப்பா தனக்காகத் திரும்பி ஓடி வந்தார் என்பதைத் தவிர அன்பைப் பற்றி அவளுக்கு வேறு சான்று கிடையாது.

ஸ்காபரோவாசி எழுதியது:

வட்டுவாகல் தங்கச்சி, நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தூரத்தில் இருப்பவனுக்கு முடிவுகள் இலகுவாக வருகின்றன.

கனகராயன் (கிளிநொச்சி) எழுதியது:

மூன்று ஆண்டில் எழுதியதில் பாதியை நேற்றிரவு அழித்தேன். கவலையில்லை. பனையடி இனி இரண்டாம் அத்தியாயம். கதைசொல்லி மகள்.

ஒரு காட்சியை மட்டும் இங்கே சொல்லிப் பார்க்கிறேன். நந்திக்கடலின் கரையில் வற்றாப்பளை அம்மன் கோவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். உப்புநீரில் விளக்கெரியும் அந்த வைகாசிப் பொங்கலுக்குத் தாய் ஆண்டுதோறும் நேர்த்தியோடு போகிறார். தகப்பன் சைக்கிளோடு வீதியிலேயே நின்றுவிடுவார், உள்ளே போகமாட்டார். கோவிலின் பின்பக்கம் நின்று பார்த்தால் நீரேரி தெரியும், அதற்கு அப்பால் அந்தக் கரை தெரியும். சாத்திரியார் சொன்ன ஆண்டில், தாய் முதன்முறையாக அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்று, தண்ணீரைப் பார்க்காமல் அதற்கு அப்பாலுள்ள நிலத்தைப் பார்க்கிறார். மகள் அதைக் கண்டுவிடுகிறாள். பொழுது சாயும்வரை தாய் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போது, "அண்டைக்கு அப்பா உன்னை எங்க வைச்சு எடுத்தவர்?" என்று கேட்கிறார். பதினொரு ஆண்டில் அவர் மகளிடம் கேட்கும் முதல் கேள்வி அது. அதற்கு மகள் என்ன சொல்வாள் என்பதை நான் இன்னும் எழுதவில்லை.

எழுதுவினைஞர் ஐயா, ஒரு சந்தேகம். மரணப் பதிவில் இறந்த இடம் என்ற நிரலில் அவர் எதை எழுதியிருப்பார்?

பழைய எழுதுவினைஞர் (வவுனியா) எழுதியது:

தம்பி, பெரும்பாலும் ஊரின் பெயரைத்தான் எழுதுவார்கள்: புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று. உங்கள் ஆள் நீரேரி என்று எழுதத் தொடங்கி, "நீ" என்ற எழுத்தை வெட்டிவிட்டு ஊர்ப்பெயரை எழுதட்டும். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கச் சொல்வார்கள். பெட்டியில் அகப்பட்ட விண்ணப்பப் பிரதியில் மகள் அந்தச் சுருக்கொப்பத்தைக் காணலாம். சான்றிதழில் அது வராது; ஆகவே பெட்டியில் இரண்டு கடதாசியையும் வையுங்கள். இன்னொரு சிறு திருத்தம்: 2018இலிருந்து கணக்குப் பார்த்தால் ஒன்பது ஆண்டு, பதினொன்று அல்ல. பொங்கலை 2020க்குத் தள்ளினால் அந்த வருடம் கொரோனாக் கட்டுப்பாடு. சனம் போயிருக்க முடியாது.

கனகராயன் (கிளிநொச்சி) எழுதியது:

கணக்கில் நான் என்றும் மட்டம். ஒன்பது என்று திருத்துகிறேன். நன்றி ஐயா.

வட்டுவாகல் அக்கா, அந்தக் குழுப்படத்தையும் தோளில் கிடக்கும் கையையும் நாவலில் வைக்க உங்கள் அனுமதி வேண்டும். வேண்டாமென்றால் வைக்கமாட்டேன்.

வட்டுவாகல் (முல்லைத்தீவு) எழுதியது:

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வைக்கச் சொன்னார். ஊர்ப் பெயரை மாற்றிவிடுங்கள். மருதோன்றியை மாற்ற வேண்டாம்.

ஒன்றை நான் முன்னர் விட்டுவிட்டேன். ஸ்ரூடியோவில் அந்தக் கையை அழித்துவிடுங்கள், பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்றுதான் அக்கா சொன்னார். வேண்டாம் என்றவர் அத்தான். அதுவரை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், உள்ளே வந்து, "ஆரோ பிடிச்சுக்கொண்டு நிக்கினம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வெளியே போய்விட்டார்.